வெர்சாய் ரோஜாவை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதைத் தப்பான முனையில் ஆரம்பித்தவள். 2025 ஏப்ரல் கடைசியில் ‘வெர்சாயின் ரோஜா’ என்ற ஜப்பானியக் கதையின் புது அனிமேஷன் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும், ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைப் பெங்களூர் அல்சூருக்கு வரச்சொல்லி, ஒரு தட்டு பஜ்ஜியோடு உட்கார்ந்துவிட்டோம். படம் ஓடிய அரை மணி நேரத்தில் அவள் திரும்பிப் பார்த்து, “சித்தி, ரெண்டு பாட்டுக்கு முன்னாடி இந்தப் பொண்ணுக்குப் பதினாலு வயசு, இப்ப ராணியாயிட்டா, இவ யாருக்காக அழறான்னாவது சொல்லுங்க” என்றாள். எனக்கும் தெரியவில்லை. இருபது வருடத்துக் கதையை இரண்டு மணி நேரத்துக்குள் மடித்து வைத்த படம் அது. ஏற்கெனவே கதையை நேசிப்பவர்களுக்குக் கொடுத்த பரிசு, புதிதாக வருகிறவர்களுக்கு வாசல் இல்லை.

அதன் பிறகு மூலக் காமிக்ஸையும் 1979-ல் தொடங்கிய பழைய அனிமேஷன் டிவி தொடரையும் முழுதாக முடித்துவிட்டு, எந்த வரிசையில் போனால் இதன் ருசி கெடாது என்று கண்டுபிடித்ததை இங்கே எழுதுகிறேன். (ஜப்பான் காமிக்ஸை மாங்கா என்பார்கள். அப்படி எழுதினால் எனக்கு ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வருகிறது, அதனால் காமிக்ஸ் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

சுருக்கமாக, இது என்ன

ரியோகோ இக்கேடா என்ற பெண் 24 வயதில் எழுதி வரைய ஆரம்பித்த காமிக்ஸ். ஜப்பானில் பெண் பிள்ளைகளுக்கான ‘மார்கரெட்’ வாரப் பத்திரிகையில் 1972 மே மாதத்திலிருந்து 1973 கடைசி வரை வந்தது. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972. பள்ளிக்கூட நாளில் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மரி அந்துவானெத் வாழ்க்கை வரலாற்றைப் படித்த இக்கேடா, அந்தப் பிரெஞ்சு ராணியை வைத்துத்தான் கதையைத் தொடங்கினார். ராணிக்குக் காவலாக ஓர் அதிகாரி வேண்டுமே என்று உருவாக்கிய ஆஸ்கர் என்ற பாத்திரம் வாசகிகள் மனதில் ஏறி உட்கார்ந்து, ராணியையே கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டது. ஆஸ்கர் பெண். ஆண் வாரிசு இல்லாத தளபதி, கடைசியாகப் பிறந்த மகளை ஆணாக வளர்த்து வாள் கொடுத்து அரண்மனைக் காவல்படைக்கு அனுப்புகிறார். ஆந்த்ரே அதே வீட்டு வேலைக்காரக் கிழவியின் பேரன், கூடவே வளர்ந்தவன். இதற்கு மேல் நான் கதை சொல்லப் போவதில்லை, நீங்களும் இணையத்தில் தேடாதீர்கள்.

வரிசை இதுதான்: காமிக்ஸ், அப்புறம் 40 எபிசோடு தொடர், கடைசியில் படம்

காமிக்ஸும் தொடரும் ஒரே கதையின் இரண்டு பிரதி என்று நினைத்தால் இரண்டிலும் ஏமாந்துபோவீர்கள். காமிக்ஸ் அடிப்படையில் அந்துவானெத்தின் வாழ்க்கை. பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்தீல் சிறைக் கோட்டை மக்கள் கையில் விழுந்த பிறகும் அது நிற்காது. அரச குடும்பம் தப்பி ஓடப் பார்ப்பது, சிறை, விசாரணை, 1793 என்று கடைசி வரை கூடவே நடக்கும். தொடரோ ஆஸ்கரின் வாழ்க்கை. அவள் கதை முடிந்த பிறகு நடப்பதையெல்லாம் கடைசி எபிசோடின் பின்பகுதியில் அவசரமாகச் சொல்லி முடித்துவிடும். ஆக, தொடர் மட்டும் பார்த்தவருக்கு ராணி பாதியில் காணாமல் போவாள். காமிக்ஸ் மட்டும் படித்தவருக்கு ஆந்த்ரே கொஞ்சம் தாமதமாகத்தான் மனுஷனாகத் தெரிவான், ஏனென்றால் தொடரில்தான் அவனுக்கு முதல் எபிசோடிலிருந்தே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

காமிக்ஸை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் சிரிப்பு. முதல் பாதியில் இக்கேடா நன்றாகக் கிண்டலடிப்பார், பாத்திரங்கள் திடீரென்று குட்டி பொம்மைகளாகச் சுருங்கிக் கத்துவார்கள், படம் வரைகிறவரே ஓரத்தில் வந்து பேசுவார். தொடரில் இதெல்லாம் வற்றிப்போய் எல்லோரும் கொஞ்சம் கனமாக நடக்கிறார்கள். கனத்தைப் பார்த்த பிறகு சிரிப்புக்குத் திரும்பினால் ஒட்டாது, நான் முயன்று பார்த்தேன்.

ஆங்கிலத்தில் கனடாவின் உடோன் நிறுவனம் 2020-லிருந்து 5 கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளியிட்டது. விலை கொஞ்சம் கடிக்கும். ஐந்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், முதலாவதை மட்டும் வாங்கி நூறு பக்கம் தாண்டிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் கொடுத்துவிடலாம். நான் இரண்டாவது தொகுதியை அந்தத் தெருவில்தான் தேடி அலைந்தேன். ஒரு கடையில் ‘ரோஜா’ என்று கேட்டதும் தோட்டக்கலை அலமாரியைக் காட்டினார்கள்.

புத்தகத்தைப் பிடிப்பது எப்படி

வலமிருந்து இடம். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவார்கள். அக்கா மகள் அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி எம்.ஜி. ரோட்டில் இறங்குவதற்குள், அதாவது இரண்டே ஸ்டேஷனில், கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். நம் கை புத்தகத்தை அப்படித்தான் திறக்கும். அதனால் வாங்கிய அன்றே கடைசி இருபது பக்கத்தை ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

பக்கத்துக்குள்ளும் வலது மேல் மூலையில் தொடங்கி இடது கீழ் மூலைக்கு வர வேண்டும். பேச்சுக் குமிழ்களும் அப்படியே. லயன், முத்து காமிக்ஸ் படித்த கண்ணுக்கு ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம், நேர்க்கோட்டில் ஓடும் ரயில் மாதிரி. இங்கே கட்டமே சில இடங்களில் இருக்காது. பக்கம் முழுக்க ஆஸ்கர் நிற்பாள், அவள் தோளுக்குப் பின்னால் மூன்று சின்னக் கட்டங்களில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் எங்கிருந்தோ ரோஜா விழும். அந்தப் பெரிய உருவம் கதையில் அந்த நொடியில் நடக்கிற எதையும் காட்டுவதில்லை, அவள் மனநிலையைக் காட்டுகிறது. அதை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு வலது மூலைக்குப் போய் எழுத்தைப் படியுங்கள். கண்ணில் நட்சத்திரம் மின்னுவது, பின்னணி திடீரென்று கறுப்பாவது, முகத்தில் கோடு விழுவது எல்லாம் நம் சினிமாவில் இடி இடிப்பது போலத்தான், ஐம்பது பக்கத்தில் பழகிவிடும்.

பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரெஞ்சுப் பெயர் ஜப்பான் வாயில் நுழைந்து ஆங்கிலத்தில் வெளியே வந்திருக்கிறது. புதுச்சேரியில் சொந்தக்காரர் இருந்தால் ஒருமுறை உச்சரித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ‘ஸ்வீடன்காரன்’, ‘நெக்லஸ்காரி’ என்று நீங்களே பட்டப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜில் ஒட்ட ஒரு சீட்டு

சரித்திரம் படித்துவிட்டுத்தான் வர வேண்டுமா என்று கேட்டால், ஒரே ஒரு சீட்டு போதும். எங்கள் வீட்டில் ஒட்டியது இது. 1755: அந்துவானெத்தும் ஸ்வீடன் பிரபு ஃபெர்சனும் பிறக்கிறார்கள், இக்கேடா ஆஸ்கரையும் அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று பிறக்க வைக்கிறார். 1770: ஆஸ்திரியாவிலிருந்து 14 வயது மணப்பெண் பிரான்ஸ் வருகிறாள். 1774: கிழட்டு ராஜா போகிறார், இவள் கணவன் ராஜா, இவள் ராணி. 1785: வைர நெக்லஸ் வழக்கு. 1789 ஜூலை 14: பாஸ்தீல். 1793: ஜனவரியில் ராஜாவின் தலை, அக்டோபரில் ராணியின் தலை.

ஐயோ முடிவைச் சொல்லிவிட்டீர்களே என்று சண்டைக்கு வராதீர்கள். ராணியின் தலை போகும் என்பது ஜப்பான் வாசகிகளுக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை படித்து, கிழித்து, பைண்டு பண்ணி வைத்த பாட்டிகள் இருந்த வீடு நம்முடையது. ராஜா யார் கையில் சாவார் என்பது கல்வெட்டில் இருக்கும், நடுவில் குதிரையில் போகிற அந்தக் கற்பனை ஆள் என்ன ஆவான் என்பதற்குத்தான் பாட்டி அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பாள். இதிலும் அதே கணக்கு. நிஜ மனிதர்களின் முடிவு தெரிந்தால் தப்பில்லை, ஆஸ்கர், ஆந்த்ரே இரண்டு பேரைப் பற்றி மட்டும் எதையும் தேடாதீர்கள்.

யார் நிஜம், யார் கற்பனை என்பதில் சுவாரசியமான குழப்பங்கள் உண்டு. ஆஸ்கரின் அப்பாவாக வரும் தளபதி ஜார்ஜே நிஜமாகவே இருந்தவர், 1793-ல் ராணியைச் சிறையிலிருந்து மீட்கத் திட்டம் போட்டவர். ஆனால் அவர் பிறந்தது 1745-ல். 1755-ல் பிறந்த ஆஸ்கருக்கு அப்பாவாக வேண்டுமானால் பத்து வயதில் ஆறாவது மகளைப் பெற்றிருக்க வேண்டும்! சரித்திர வாத்தியார்களிடம் காட்டாதீர்கள். ஆஸ்கர் போடுகிற அந்த அழகான யூனிஃபார்மும் பிற்பாடு வந்த நெப்போலியன் காலத்துப் பாணிதான். ரோசாலி என்ற பெயரில் ஒரு பணிப்பெண் ராணியின் கடைசிச் சிறையில் நிஜமாக இருந்தாள், கதையில் அவளுக்கு ஒரு முழு முன்கதையே கட்டியிருக்கிறார் இக்கேடா.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல், கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1788 ஆகஸ்டில் திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்கள் வெர்சாய் அரண்மனையில் அந்துவானெத்தின் கணவரான இதே பதினாறாம் லூயி ராஜா முன்னால் போய் நின்றார்கள். ராணியைத் திரும்பத் திரும்ப வரைந்த எலிசபெத் விஜே லெ ப்ரன், அந்தத் தூதர்களில் ஒருவரான முகமது தர்வேஷ் கானையும் வரைந்தார். கே.ஆர். மார்க்கெட் பக்கம் இருக்கிற திப்புவின் மர அரண்மனை கட்டி முடிந்தது 1791, லூயி ராஜா குடும்பத்தோடு வண்டியில் தப்பி ஓடி வழியில் மாட்டிக்கொண்ட அதே வருடம். நாங்கள் மூன்றாவது தொகுதி முடித்த வாரம் அங்கே போய் அந்தத் தேக்குத் தூண்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம், வருடங்கள் மனதில் நின்றுவிட்டன.

மெதுவாகப் படிக்க வேண்டிய இடம்

ஆரம்பத்தில் நிறையப் பேர் புரட்டித் தள்ளுகிற பகுதி ஒன்று உண்டு, து பாரி சீமாட்டியோடு நடக்கிற மௌன யுத்தம். தயவுசெய்து தள்ளாதீர்கள். து பாரி கிழட்டு ராஜாவின் ஆசைநாயகி, எளிய குடும்பத்திலிருந்து வந்தவள். வெர்சாய் விதிப்படி அந்தஸ்தில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் தானாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. புதிதாக வந்த 14 வயது மருமகள் அந்துவானெத்தான் அங்கே பெண்களில் எல்லோருக்கும் மேல். அவள் வாயைத் திறக்கும்வரை து பாரி அத்தனை பேர் முன்னால் வாய் மூடி நிற்க வேண்டும். அவள் திறக்கமாட்டேன் என்கிறாள். அரண்மனையே இரண்டு கட்சியாகி, யார் ஜெயிப்பார்கள் என்று வேடிக்கை பார்க்கிறது.

இதை ஓர் ஆங்கில வாசகருக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படலாம், நமக்கு வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் சம்பந்தியம்மாவைப் பார்த்து யார் முதலில் ‘வாங்க’ என்று சொன்னது, யார் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று முப்பது வருடம் ஞாபகம் வைத்திருக்கிற ஊர் நம்முடையது. என் அத்தை ஒருத்தி, சொல்லப்படாத ஒரு ‘வாங்க’வுக்காக இரண்டு தம்பி வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகவில்லை. அதே கண்ணோடு இந்தப் பக்கங்களைப் பாருங்கள். ஒரு வாக்கியம் சொல்லப்படுமா என்பதுதான் பிரச்சினை, ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு நாடுகளின் உறவு தொங்குகிறது. ஆஸ்திரியாவிலிருந்து அம்மா கடிதம் மேல் கடிதம் போடுகிறாள். கடைசியில் 1772 புத்தாண்டு அன்று அந்தப் பெண், து பாரி நிற்கும் திசையில் நின்று சொன்ன ஒரே வரி: “இன்று வெர்சாயில் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.” அவ்வளவுதான். சரித்திரத்தில் நிஜமாகச் சொன்ன வரி. இக்கேடா அதற்கு முன்னும் பின்னும் முகங்களை வரைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள், எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒருமுறை, திறந்து ஒருமுறை. யாருக்கு அவமானம் என்று முகம் சொல்லும்.

இது புரிந்தால் நெக்லஸ் வழக்கும் தானாகப் புரியும். 16 லட்சம் லிவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) விலையுள்ள வைர நகையை ராணி கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை, அவள் பெயரைச் சொல்லி வேறொருத்தி ஒரு கார்டினலை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய பதவிக்காரரை, ஏமாற்றினாள். ஆனாலும் ஊர் ராணியைத்தான் திட்டியது.

தொடரைப் பார்ப்பது எப்படி

1979 அக்டோபர் முதல் 1980 செப்டம்பர் வரை நிப்பான் டிவியில் வந்தது, டோக்கியோ மூவி தயாரிப்பு, 40 எபிசோடு. ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், நாளுக்கு இரண்டு போதும். ஆரம்பப் பாட்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முள்கொடி சுற்றிக்கொள்கிற அந்தப் படமும், ரோஜா அழகாக உதிரும் என்ற வரியும் 40 தடவை கண்ணில் பட வேண்டும், பின்னால் ஒரு இடத்தில் அந்தப் பாட்டின் அர்த்தமே மாறிவிடும்.

நடுவில் இயக்குநர் மாறுகிறார், இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இரட்டிப்பு சுகம். முதலில் தடாவோ நாகஹாமா, 19-வது எபிசோடிலிருந்து ஒசாமு தேசாகி. முன்பாதி பளிச்சென்று, சண்டையும் சதியும் குதிரையுமாக ஓடும், சமயத்தில் கொஞ்சம் நாடகம்போல இருக்கும். தேசாகி வந்ததும் வெளிச்சமே வேறு. முக்கியமான நொடியில் ஓடிக்கொண்டிருக்கிற படம் சட்டென்று உறைந்து, பென்சில் கோடும் நீர்வண்ணமும் தெரிகிற ஓவிய அட்டையாக மாறிவிடும், குரல் மட்டும் தொடரும். ஒரே அசைவை மூன்று தடவை அடுத்தடுத்துக் காட்டுவார். முதல் தடவை பார்த்தபோது வைஃபை சிக்கிவிட்டது என்று நினைத்து ரௌட்டரை அணைத்துப் போட்டேன், அது இயக்குநரின் பாணி என்று அக்கா மகள்தான் சொன்னாள். தெருவில் அக்கார்டியன் வாசிக்கிற ஒரு கால் இல்லாத கிழவர் வருவார், அவரைக் கவனியுங்கள், அவர் காமிக்ஸில் இல்லை.

ஆஸ்கரும் மாறுவாள். காமிக்ஸ் ஆஸ்கர் கத்துவாள், மேசையைக் குத்துவாள், குடித்துவிட்டுச் சண்டை போடுவாள். தொடரின் பின்பாதியில் அவள் மௌனமாகிக்கொண்டே போவாள். எனக்குக் கத்துகிற ஆஸ்கர்தான் பிடிக்கும், அக்கா மகளுக்கு மற்றவள். இதில் எங்களுக்குள் சமாதானம் இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று: பொம்மைப் படம்தானே என்று எட்டு வயதுக்காரரை உட்கார வைக்காதீர்கள். ஒரு சின்னப் பெண் உயிரை மாய்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, ஆந்த்ரே ஒரு இரவில் ஆஸ்கரிடம் அத்துமீறும் காட்சியும் இருக்கிறது. அந்தக் காட்சியைக் காதல் என்ற கணக்கில் எழுதக் கூடாது என்று நானும் அவளும் நிறுத்திவிட்டுப் பேசினோம், பேச வேண்டிய இடம்தான். பதிமூன்று பதினான்கு வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் இருந்தால் நல்லது.

படத்துக்குப் போவது

இரண்டும் முடிந்து ஒரு வாரம் இடைவெளி விட்டு 2025 படத்தைப் போடுங்கள். மாப்பா ஸ்டுடியோ, இயக்கம் அய் யோஷிமுரா. முதலில் தலைவலியாக இருந்த அதே பாட்டுகள் இப்போது இனிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் நீங்கள் நூறு பக்கம் படித்தது ஓடுகிறது. இதற்குப் பிறகும் பசி தீராதவர்களுக்குத் தகராஸுகா நாடகக் குழு இருக்கிறது. பெண்கள் மட்டுமே நடிக்கும் அந்தக் குழு 1974-லிருந்து இந்தக் கதையை மேடையேற்றுகிறது, அதாவது ஆண் வேடம் போட்டே பெயர் வாங்கிய நடிகை, ஆணாக வளர்க்கப்பட்ட பெண்ணாக நடிப்பார். துண்டு துண்டாகப் பார்த்தாலே போதும், தலை சுற்றும்.

கடைசி நான்கு எபிசோடுகள்

பழைய தொடரின் 37-லிருந்து 40 வரை பிரிக்காதீர்கள், ஒரே உட்காரலில் பார்த்துவிடுங்கள், ஆனால் ஞாயிறு ராத்திரி வேண்டாம், சனிக்கிழமை மத்தியானம் தொடங்குங்கள். சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவது ரொம்ப முக்கியம். நாங்கள் 38 முடிந்ததும் சாப்பிடலாம் என்று வைத்திருந்தோம். முடிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அக்கா சமையலறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கரண்டியோடு வந்து ஹாலில் நின்றாள்.

“பிரான்ஸ்ல எவனோ எப்பவோ செத்ததுக்கு என் சாம்பார் ஏன்டி ஆறணும்?”

அப்புறம் அவளும் உட்கார்ந்து 39-ஐப் பார்த்தாள். முன்னால் நடந்தது எதுவும் தெரியாமல், “அந்தப் பையன் யாரு, நல்ல பையனா?” என்று மட்டும் நடுவில் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.